பழைய கார் இன்ஜினில் கசிவா? அறிகுறி பார்த்துச் சீல், பேக்கிங், ஹோஸ் மாற்றும் முறை

பானட்டைத் திறந்ததும் எண்ணெய் எங்கே கண்ணில் படுகிறதோ, பெரும்பாலும் அங்கே கசிவு இருக்காது. மேலே கசிந்தது கீழே இறங்கியிருக்கும். ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளியிருக்கும். நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி என்று நான்கு வழிச்சாலையில் ஆரல்வாய்மொழிக் காற்றை எதிர்த்து ஓட்டிவிட்டு வந்து நிறுத்திப் பாருங்கள். இன்ஜினின் மேல் மூடியான டேப்பட் கவர் ஓரத்தில் கசிந்த எண்ணெய் கியர்பாக்ஸின் அடியில் சொட்டிக்கொண்டிருக்கும். அந்தச் சொட்டை மட்டும் பார்த்துவிட்டு "பின் சீல் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும்" என்று யாராவது சொன்னால் சரி என்று தலையாட்டிவிடாதீர்கள்.

சாமான் வாங்கக் கிளம்பும் முன் இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிய வேண்டும். எங்கிருந்து கசிகிறது? ஏன் கசிகிறது? இரண்டாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ரப்பருக்கு வயதாவது உண்மைதான். ஆனால் இன்ஜினுக்குள் காற்றழுத்தம் கூடி எண்ணெயை வெளியே தள்ளிக்கொண்டிருந்தால் புதுச் சீலும் கொஞ்ச நாளில் கசியும்.

இங்கே எழுதுவது மாருதி 800, ஜென், அம்பாசிடர், பத்மினி போன்ற வயதான பெட்ரோல் கார்களை மனதில் வைத்து. 2014இல் 800இன் தயாரிப்பு நின்றுவிட்டது. அம்பாசிடரும் அதே ஆண்டில் நின்றது. அப்படியென்றால் இவற்றில் மிக இளைய வண்டியே பத்து வயதைத் தாண்டிவிட்டது. அந்த ரப்பர் எதுவும் இப்போது மென்மையாக இருக்காது.

எந்த வேலைக்கும் முன்: கழுவுங்கள்

அழுக்கு இன்ஜினில் கசிவைத் தேடுவது வீண் வேலை. திசையன்விளை, உவரிப் பக்கத்து வண்டிகளில் தேரி மண் எண்ணெயோடு சேர்ந்து செங்கறுப்புப் பொருக்காக ஒட்டியிருக்கும். கழுவும் முன் அந்தப் பொருக்கை ஒரு தடவை நன்றாகப் பாருங்கள். காய்ந்து வெடித்திருந்தால் பழைய கசிவு. ஈரமாக, விரல் வைத்தால் அமுங்குகிற மாதிரி இருந்தால் இப்போதும் கசிந்துகொண்டிருக்கிறது. பொருக்கு தொடங்கும் மிக உயரமான இடத்தை மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்ஜின் ஆறியிருக்கும்போது டிஸ்ட்ரிபியூட்டர், ஆல்டர்னேட்டர், ஏர் ஃபில்டர் வாய் ஆகியவற்றைப் பாலித்தீன் பையால் கட்டிவிட்டு டீகிரீசர் தெளித்து, பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். பெட்ரோலை ஊற்றிக் கழுவும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது; அது தீ விபத்தை வருந்தி அழைப்பது. தாமிரபரணிப் படித்துறையிலோ கால்வாய்க் கரையிலோ இந்த வேலையைச் செய்யாதீர்கள். அந்தத் தண்ணீரைத்தான் கீழே இருக்கும் ஊர்கள் குடிக்கின்றன.

நன்றாகக் காய்ந்ததும் சந்தேகமான மூட்டுகளில் முகத்துக்குப் பூசும் டால்கம் பவுடரைத் தூவிவிடுங்கள். பாளையங்கோட்டையிலிருந்து அம்பாசமுத்திரம் வரை ஒரு ஓட்டம் போய்வந்தால் போதும். வெள்ளைப் பவுடரில் எண்ணெய் போட்ட கோடு தெளிவாகத் தெரியும். கோட்டின் மேல் நுனிதான் நீங்கள் தேடிய இடம்.

பெட்ரோல் வாடை அடிக்கிறது

மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு இதை முதலில் பாருங்கள். அதுவரை வண்டியை எடுக்காதீர்கள்.

இந்தியாவில் பெட்ரோலில் கலக்கும் எத்தனாலின் அளவு 2025இல் 20 சதவீதத்தை எட்டியது. பழைய வண்டிகளின் ரப்பர் குழாய்கள் அந்தக் கலவைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. சில ஊதி மெத்தென்று ஆகின்றன. சில விறைத்து வெடிக்கின்றன. டேங்கிலிருந்து வரும் இரும்புக் குழாய் முடிந்து ரப்பர் தொடங்கும் இடம், பெட்ரோல் பம்ப்பின் இரு வாய்கள், ஃபில்டரின் இரு முனைகள், கார்புரேட்டர் வாய் ஆகிய இடங்களில் ஹோஸை வளைத்துப் பாருங்கள். வளைக்கும்போது மேல்தோலில் மயிரிழை வெடிப்புத் தெரிந்தால் மாற்ற வேண்டியதுதான்.

பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள். பீடி, சிகரெட், ஊதுபத்தி, எரியும் பல்பு எதுவும் அருகில் வேண்டாம். எத்தனாலுக்கு ஏற்ற எரிபொருள் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். தண்ணீர்க் குழாயும் வாக்குவம் குழாயும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் இங்கே ஆகாது. எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் உள்ள) வண்டி என்றால் குழாயில் அழுத்தம் நிற்கும். பேட்டரி வயரைக் கழற்றும் முன்பே பெட்ரோல் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓட விட வேண்டும். அந்த வண்டிகளுக்கு உயர் அழுத்த ஹோஸும் அதற்கான கிளிப்பும் தேவை.

எண்ணெய் கருகும் வாடை, சிக்னலில் நின்றால் பானட் ஓரத்தில் மெல்லிய புகை

டேப்பட் கவர் பேக்கிங் விறைத்துப்போய் எண்ணெய் சைலன்சர் மேனிஃபோல்டின் மேல் சொட்டுகிறது. புதிதாகக் கை வைப்பவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. மலிவான சாமான், எளிதில் எட்டும் இடம், தவறினாலும் திரும்பச் செய்யலாம்.

ஆனால் கழற்றும் முன் ஒரு சோதனை. இன்ஜின் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல்) ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து வாய்மேல் ஒரு மெல்லிய காகிதத்தை வையுங்கள். காகிதம் லேசாக உள்ளே இழுக்கப்பட்டால் அல்லது அசையாமல் இருந்தால் நல்லது. படபடவென்று மேலே தூக்கியடித்தால் உள்ளே அழுத்தம் இருக்கிறது என்று பொருள். டேப்பட் கவரிலிருந்து ஏர் ஃபில்டருக்கோ இன்டேக் மேனிஃபோல்டுக்கோ போகும் பிரீதர் ஹோஸைக் கழற்றி ஊதிப் பாருங்கள். உட்புறம் கரும்பசை அடைத்து, பென்சில் நுழையும் அளவுக்குக்கூடத் துளை இல்லாத ஹோஸ்களைச் சாதாரணமாகக் காணலாம். பி.சி.வி. வால்வு (இன்ஜினின் உள்காற்றை வெளியேற்றுவது) இருந்தால் கழற்றிக் குலுக்குங்கள். உள்ளே 'கடகட' சத்தம் வர வேண்டும். இவற்றைச் சுத்தம் செய்தபின்பும் காகிதம் பறந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. அப்போது பேக்கிங் மாற்றுவது தற்காலிக நிம்மதிதான்.

இனி பேக்கிங். ஆறிய இன்ஜினில் ஏர் ஃபில்டரைக் கழற்றி, பிளக் வயர்களுக்கு வரிசைப்படி காகிதத் துண்டில் எண் ஒட்டிவிடுங்கள். கவர் போல்ட்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். கவர் வர மறுத்தால் நெம்பாதீர்கள். மரச் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டினால் பிடி விட்டுவிடும்.

பழைய பேக்கிங்கைத் தொட்டதும் வித்தியாசம் தெரியும். புதியது விரலுக்கு வளைந்து கொடுக்கும். பழையது கறுத்துக் கெட்டியாகி, வளைத்தால் படக்கென்று ஒடியும். ஒடிந்த துண்டு எதுவும் உள்ளே விழவிடாதீர்கள். கேம் ஷாஃப்டின் மேல் ஒரு சுத்தமான துணியை விரித்துக்கொண்டு வேலை செய்யுங்கள். மாருதி போன்ற வண்டிகளில் ஹெட் (இன்ஜினின் மேல் பாகம்) அலுமினியம். இரும்புப் பட்டையாலோ பிளேடாலோ சுரண்டினால் கோடு விழும். பிறகு அந்தக் கோட்டிலேயே கசியும். மூங்கில் சிம்போ பழைய பிளாஸ்டிக் கார்டோ போதும். கடைசியாக டீகிரீசர் நனைத்த துணியால் இரு முகங்களையும் துடைத்து உலர விடுங்கள்.

சிலிக்கான் பேஸ்ட் விஷயத்தில் நம் ஊர்ப் பட்டறைகளோடு எனக்கு உடன்பாடு இல்லை. எதற்கெடுத்தாலும் ட்யூபைப் பிதுக்குகிறார்கள். வெளியே பிதுங்கி நிற்கும் பேஸ்ட்தான் நம் கண்ணுக்குத் தெரியும். அதே அளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கும். அது உதிர்ந்து எண்ணெயோடு போய் சம்ப்பில் (அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டி) இருக்கும் சல்லடையை அடைத்தால் பேரிங் போய்விடும். ரப்பர் பேக்கிங்குக்குப் பேஸ்ட் தேவையில்லை. அரைவட்ட வளைவு நேர்முகத்தைச் சந்திக்கும் மூலைகளில் மட்டும் ஒரு பயறு அளவு வைத்தால் போதும்.

போல்ட்களை நடுவிலிருந்து தொடங்கிக் குறுக்கு மறுக்காக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள். சிறு கார்களில் இந்தப் போல்ட்களுக்குத் தேவையான முறுக்கு மிகக் குறைவு. சரியான அளவு உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். முறுக்கை அளக்கும் டார்க் ரெஞ்சு இல்லாதவர்கள் ஸ்பேனரின் வாலைப் பிடிக்காமல் தலைக்கு அருகில் விரல்களால் பிடித்து இறுக்கினால் அளவு மீறாது. கசிகிறதே என்று மேலும் மேலும் முறுக்கினால் கவர் கோணிக்கொள்ளும், கசிவு அதிகமாகும்.

பிளக் குழிக்குள் எண்ணெய் தேங்கி இன்ஜின் விட்டுவிட்டு அடித்தால், கவருக்கு உள்புறம் இருக்கும் பிளக் குழாய்ச் சீல்களையும் சேர்த்து மாற்றுங்கள். எல்லா இன்ஜினிலும் இவை இருக்காது.

கூலண்ட் குறைகிறது, டெம்பரேச்சர் முள் ஏறுகிறது

செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு ஏற்றத்தில் முள் ஏறி, இறக்கத்தில் தானாக இறங்கினால் ரேடியேட்டர் அடைத்திருக்கலாம். ஓடும்போது சரியாக இருந்து, நெல்லை டவுன் ரத வீதி நெரிசலில் ஏறினால் ஃபேனைப் பாருங்கள். இரண்டுக்கும் முன்னால் ஹோஸ்கள்.

சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கிறது. மூடி திறந்த நொடியில் பொங்கி முகத்தில் அடிக்கும். காலையில், ஆறிய வண்டியில் மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், ஹீட்டர் ஹோஸ், தெர்மோஸ்டாட் பக்கத்துச் சின்ன பைபாஸ் ஹோஸ் ஒவ்வொன்றையும் அமுக்கிப் பாருங்கள். நல்ல ஹோஸ் அமுங்கி மீண்டு வரும். 'மொறுமொறு' என்று உள்ளே சத்தம் கேட்டால் உள்தோல் வெடித்துவிட்டது. கிளிப் ஓரம் வெள்ளை அல்லது பச்சைப் பொருக்கு படிந்திருந்தால் அங்கே கசிந்து காய்ந்திருக்கிறது. இன்ஜினை வேகப்படுத்தும்போது கீழ் ஹோஸ் சப்பையாக ஒட்டிக்கொண்டால் அதன் உள்வலு போய்விட்டது.

பைபாஸ் ஹோஸை யாரும் நினைப்பதில்லை. விரல் நீளம் இருக்கும் அந்தத் துண்டு நடுவழியில் வெடித்தால் மொத்தத் தண்ணீரும் போய்விடும். ஒன்று கெட்டிருந்தால் எல்லா ஹோஸையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரே நாளில் பூட்டியவை ஒரே காலத்தில்தான் கெடும்.

கடைக்குப் போகும்போது பழையதைக் கையில் கொண்டுபோங்கள். வளைவு ஒரே மாதிரி இருக்க வேண்டும். நேர்க் குழாயை வளைத்துப் பூட்டினால் மடிந்து அடைக்கும். "கிளிப் பழையதே இருக்கிறது, அண்ணாச்சி" என்று சொன்னால், நல்ல கடைக்காரராக இருந்தால் "ஹோஸுக்குச் செலவழித்துவிட்டுக் கிளிப்புக்குப் பார்க்கிறீர்களே, தம்பி" என்று ஒன்றை எடுத்து வைப்பார். அவர் சொல்வதைக் கேளுங்கள்.

கழற்றும்போது ஒட்டிக்கொண்ட ஹோஸை முறுக்கி இழுக்காதீர்கள். ரேடியேட்டர் வாய் பித்தளை என்றால் நசுங்கும், பிளாஸ்டிக் என்றால் உடையும். பழைய ஹோஸ் எப்படியும் குப்பைக்குத்தானே. வாய்க்கு மேலே பிளேடால் நீளவாக்கில் மெதுவாகக் கீறி உரித்து எடுங்கள். வாயில் படிந்த உப்பை மெல்லிய உப்புத்தாளால் வழவழப்பாகும்வரை தேய்த்து, புதிய ஹோஸைக் கூலண்டில் நனைத்து ஏற்றுங்கள். வாயின் நுனியில் ஒரு மேடு இருக்கும். கிளிப் அந்த மேட்டைத் தாண்டி உள்பக்கம் உட்கார வேண்டும். மேட்டின் மேலேயே உட்கார்ந்தால் சூட்டில் நழுவிவிடும்.

ராதாபுரம், திசையன்விளைப் பக்கத்துப் போர்த் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றாதீர்கள். அந்த உப்பு உள்ளே செதில் செதிலாகப் படியும். கூலண்டை டிஸ்டில்டு வாட்டரோடு டப்பாவில் சொன்ன அளவுக்குக் கலந்து ஊற்றுங்கள். பிறகு ஹீட்டரைச் சூட்டுப் பக்கம் திருப்பி, மூடியைத் திறந்தபடியே இன்ஜினை ஓடவிடுங்கள். இது ஆறிய இன்ஜினில் தொடங்க வேண்டிய வேலை. தெர்மோஸ்டாட் திறந்ததும் மேல் ஹோஸ் சட்டென்று சூடாகும், மட்டம் இறங்கும், குமிழி அடங்கும்வரை ஊற்றி மூடுங்கள். ரேடியேட்டர் மூடியின் அடியில் இருக்கும் ரப்பரும் ஒரு சீல்தான். அது வெடித்திருந்தால் மூடியையே மாற்றுங்கள். மூடியில் பொறித்திருக்கும் அழுத்த எண் பழையதுபோலவே இருக்கட்டும்.

"நம் ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு" என்று கழற்றி எறிந்துவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. வெயிலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அது இல்லாத இன்ஜின் உரிய சூட்டுக்கு வர நேரமாகும். பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். எண்ணெயில் ஈரம் தங்கிக் கசடு சேரும். அந்தக் கசடுதான் முன்னே சொன்ன பிரீதரை அடைக்கிறது. கெட்டிருந்தால் புதிது போடுங்கள். அந்த மூட்டின் பேக்கிங்கையும் மாற்றுங்கள்.

அந்தப் பேக்கிங் கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். பழைய பட்டறைக்காரர்கள் பேக்கிங் ஷீட்டை மூட்டின் முகத்தில் வைத்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் விளிம்பைச் சுற்றி மெதுவாகத் தட்டிக்கொண்டே போவார்கள். விளிம்பு தானாக வெட்டுப்பட்டு, போல்ட் துளைகள் உட்பட அச்சு அசலாகக் கையில் வரும். அலுமினிய முகத்தில் நேரடியாகத் தட்டினால் விளிம்பு நசுங்கும். அங்கே மையைத் தடவி அச்செடுத்துக் கத்தரியால் வெட்டுங்கள். தண்ணீர் மூட்டுக்கு இது சரி. ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட்டுக்கு ஆகாது.

வெளியே கசிவே இல்லை, ஆனாலும் தண்ணீர் குறைகிறது

வெள்ளைப் புகை நிற்காமல் வருகிறதா? ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்தால் தொடர்ந்து குமிழி வருகிறதா? டிப்ஸ்டிக்கில் எண்ணெய் பால் கலந்த காப்பி நிறத்தில் இருக்கிறதா? இவற்றில் இரண்டு ஒத்துப்போனால் ஹெட் கேஸ்கெட் என்று கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பக்கத்துக் கடைக்கு மட்டும் ஓடும் வண்டிகளில் எண்ணெய் மூடியின் அடியில் மட்டும் வெண்மை படியும். அது வெறும் ஈரம். பயப்பட வேண்டாம்.

இது தொடக்கக்காரர் வேலை இல்லை. ஆனால் பட்டறையில் கேட்க வேண்டியதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஹெட்டை நேர்விளிம்புப் பட்டை வைத்து இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜால் சோதித்தார்களா? கோணல் கையேடு சொல்லும் வரம்பைத் தாண்டினால் லேத்தில் கொடுத்து முகம் எடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் கேஸ்கெட்டை மட்டும் மாற்றினால் பணம் தண்டம்.

ஐடில் நிலையாக இல்லை, 'உஸ்' சத்தம்

காற்று உள்ளே புகுகிறது. கார்புரேட்டர் அடிப் பேக்கிங், மேனிஃபோல்டு பேக்கிங், வாக்குவம் ஹோஸ்கள். ஐடிலில் ஒவ்வொரு சின்ன ஹோஸாகக் கையால் நசுக்குங்கள். எதை நசுக்கும்போது சத்தம் நின்று ஐடில் மாறுகிறதோ அதில்தான் ஓட்டை. மூட்டுகளில் சோப்புத் தண்ணீரைத் தெளித்துப் பார்க்கலாம்; டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் தெளித்துச் சோதிப்பவரிடமிருந்து வண்டியை ஓட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். பிரேக் மிதி கல்லாக இருந்தால் பூஸ்டர் ஹோஸ், அன்றைக்கே மாற்றுங்கள்.

முன் புல்லிப் பக்கம் எண்ணெய் வட்டமாகத் தெறித்திருக்கிறது

கிராங்க் தண்டின் முன் சீல் அல்லது கேம் தண்டின் சீல். டைமிங் பெல்ட் உள்ள வண்டியில் எண்ணெய் பட்ட பெல்ட்டைத் துடைத்துவிட்டு மீண்டும் போடக் கூடாது. பெல்ட், டென்ஷனர், இரு சீல்கள், அந்தப் பெல்ட்டே வாட்டர் பம்ப்பையும் ஓட்டுகிறதென்றால் பம்ப்பும், எல்லாவற்றையும் ஒரே திறப்பில் முடியுங்கள். டைமிங் குறிகளைப் பொருத்திப் பழகியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

சீலின் முகத்தில் பெரும்பாலும் மூன்று எண்கள் அச்சாகியிருக்கும். உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன், மூன்றும் மில்லிமீட்டரில். அதைப் படித்துச் சொன்னால் வண்டியின் பெயரைச் சொல்லாமலே கடையில் எடுத்துக் கொடுப்பார்கள். பூட்டும்போது சுருள் கம்பி தெரியும் பக்கம் எண்ணெய் இருக்கும் பக்கம் நோக்கட்டும். சீலின் உள்விளிம்பான உதட்டில் எண்ணெய் தடவுங்கள். காய்ந்த உதடு முதல் ஸ்டார்ட்டிலேயே கருகும். சீலின் வெளிவட்டத்துக்குச் சற்றே சிறிய பாக்ஸ் ஸ்பேனர் தலையை வைத்து நேராகத் தட்டி இறக்குங்கள். தண்டில் பழைய உதடு அறுத்த பள்ளம் நகத்தில் தட்டுப்பட்டால், புதிய சீலைப் பழைய இடத்திலிருந்து ஒரு மில்லிமீட்டர் தள்ளி நிறுத்துங்கள்.

இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் சொட்டுகிறது

எல்லோரும் அஞ்சும் இடம் இதுதான். கார்புரேட்டர் மாருதி 800இல் டிஸ்ட்ரிபியூட்டர் ஹெட்டின் கியர்பாக்ஸ் பக்க முனையில் உட்கார்ந்திருக்கிறது. அதன் ஓ-ரிங் விறைத்தால் எண்ணெய் நேராக கியர்பாக்ஸ் மணியின் (இன்ஜினோடு சேரும் மணி வடிவக் கூடு) மேல் இறங்கி, பின் சீல் கசிவு போலவே அடியில் சொட்டும். எனவே முதலில் அந்தச் சில ரூபாய் ஓ-ரிங்கை மாற்றுங்கள். கழற்றும் முன் டிஸ்ட்ரிபியூட்டர் உடலுக்கும் ஹெட்டுக்கும் சேர்த்து ஒரு கோடு கீறி, ரோட்டார் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் டைமிங் மாறிவிடும். மாற்றி, கழுவி, பவுடர் தூவி மறுபடி பாருங்கள்.

பழைய 1489 சிசி அம்பாசிடரில் கிராங்கின் பின்முனையில் ரப்பர் சீலே கிடையாது. தண்டில் வெட்டிய சுருள் பள்ளம்தான் எண்ணெயைத் திருப்பி அனுப்புகிறது. அது ஓரிரு சொட்டு விடுவது இயல்பு. அதிகமாக விட்டால் பிரீதரைச் சுத்தம் செய்யுங்கள். அங்கே மாற்றுவதற்குச் சீல் இல்லை.

மற்ற வண்டிகளில் மேலே எல்லாம் உலர்ந்திருந்தும் மணியின் அடித்துளையில் இன்ஜின் எண்ணெய் வந்தால் பின் சீல்தான். முகர்ந்து பாருங்கள், கந்தக நெடி அடித்தால் அது கியர் ஆயில், சீல் வேறு. இரவு ஓரிரு சொட்டு விழுகிறது, கிளட்ச் வழுக்கவில்லை என்றால் அவசரப்பட வேண்டாம். அடியில் ஓர் அட்டையைப் போட்டு, வாராவாரம் டிப்ஸ்டிக்கைப் பார்த்துக் குறைந்ததை ஊற்றி ஓட்டுங்கள். கிளட்ச் பிளேட் மாற்றும் நாள் வரும்போது எப்படியும் கியர்பாக்ஸை இறக்குவார்கள். சீலை வாங்கி அன்றைக்குக் கையில் கொடுத்துவிடுங்கள். இறக்கி ஏற்றும் கூலி ஒன்றுதான்.